பயம் என்ற சொல்லை எடுத்த பிறகு

19 ஜூன் 1974, புதன்

மட்டாஞ்சேரியில் காலரா என்று பரிசோதனையில் உறுதியானவர்கள் இன்று மாலை வரை பதினேழு பேர். ஆதாரம்: மாநகராட்சி சுகாதார அலுவலகத்தில் கையெழுத்திட்டு ஒட்டிய தாள். கடைவீதியில் சொல்லப்படும் எண்ணிக்கை இதைப்போல மூன்று மடங்கு. அதற்கு ஆதாரம் கடைவீதிதான்.

கிழக்கே எங்கோ ஒரு தீவில் கிளம்பிப் பத்து வருஷத்துக்கு மேலாக உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் அதே கொள்ளைநோய்தான் இது என்று சுகாதார அதிகாரி சொன்னார். கொச்சங்காடியில் காலியாகக் கிடந்த இஞ்சிக் கிடங்கின் முற்றத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, கட்டில்களும் சலைன் பாட்டில்களும் வைத்திருக்கிறார்கள். ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ். வாந்திபேதி கண்டவர்கள் நடந்தே வந்துவிடக்கூடிய தூரம். முன்பெல்லாம் வேன் வந்து தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போகும். அந்த வேனைக் கண்டு மக்கள் பயப்படுகிறார்கள் என்றுதான் கொட்டகையே போடப்பட்டது.

இப்போது அதிகாரியின் கேள்வி: பயம் இன்னும் இருக்கிறதா? இல்லையென்றால் டாக்டரை ஏன் இங்கே கட்டிப்போட வேண்டும்? கொட்டகையை எடுத்துவிடலாம். வேன் போதும்.

பயத்தை அளக்க ஓர் அம்மாள் வந்திருக்கிறார். பெயர் லோகாம்பாள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் மனோதத்துவம் சொல்லிக்கொடுக்கிறார். கையில் இருபது கேள்விகள். பயத்தை அளப்பதாம்! இத்தனை வருஷ நிருபர் வேலையில் மழையை அளப்பவரைப் பார்த்திருக்கிறேன். சந்தேகத்தோடுதான் கை குவித்தேன்.

21 ஜூன், வெள்ளி

லோகாம்பாள் வீட்டுக்கே வந்துவிட்டார். பாண்டிநாட்டுத் தமிழ் எனக்குத்தான் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேள்விகளை ஒரு முறை பார்த்துத் தர வேண்டுமாம்.

"உங்க பத்திரிகைக்கு எண்ணு வேணும். அதிகாரிக்கும் எண்ணு வேணும். எனக்கு முதல்ல வேண்டியது வேற, சார்" என்றார். என்ன என்று கேட்டேன்.

"இங்கே மிளகுக் கடையிலே ஒரே சாக்கைக் காலம்பற ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தராசிலே போட்டா ஒரே எடை காட்டணும் இல்லையோ? காட்டலேன்னா சாக்கையா திட்டுவேள்? என்னோட தராசு இந்தக் கேள்வித்தாள். அது ஒரே ஆளை ரெண்டு தரம் நிறுத்தா ஒரே மாதிரி சொல்றதான்னு பார்க்காம, நான் ஆரோட பயத்தைப் பத்தியும் வாயைத் திறக்கப்படாது."

வீரலட்சுமி உள்ளிருந்து சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, "அப்ப ரெண்டு தரம் கேப்பியளா? ஒரு தரம் கேட்டாலே எங்க வீட்டுக்காரருக்குப் பதில் வராது" என்றாள். லோகாம்பாள் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிக்கொண்டார்.

கேள்விகளில் ஒரே ஒரு சொல்லைத்தான், அது வருகிற இடமெல்லாம் திருத்தினேன். "அச்சம்" என்று எழுதியிருந்தார். சுமை தூக்குகிற இடத்தில் அது வேகாது, "பயம்" என்று வையுங்கள் என்றேன். வைத்தார்.

25 ஜூன், செவ்வாய்

கேள்வி கேட்கப் போகிறவர் ஆரிஃபா. கொச்சங்காடியிலேயே பிறந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், ப்ரீடிகிரி படித்தவர். தமிழ் பேசுவார். ஆனால் படித்ததெல்லாம் மலையாளம். ஆகவே கேள்வித்தாளின் தமிழை அப்படியே மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அதைப் பார்க்கவே பிடித்திருந்தது.

கிடங்கு வாசலில் சுமைக்காரர்களிடம் முதல் நாள். நானும் போயிருந்தேன். சங்கிலிப்பாண்டி என்று ஓர் ஆள், சங்கரன்கோவில் பக்கம், கொச்சிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இந்த நோயை நினைத்தால் உங்களுக்குப் பயமாக இருக்கிறதா என்று ஆரிஃபா படித்தார். லாரிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை படித்தார். அப்போதும் இல்லை. உடனே தாளை விட்டுவிட்டு வீட்டில் பேசுகிறாற்போல், "பேடி உண்டா சேட்டா, பேடி?" என்று உரக்கக் கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான். தோளில் இருந்த சாக்கைக் கீழே போட்டுவிட்டான். "என்னது? யாரப் பாத்துக் கேக்க தாயி? ரெண்டு மூட்டைய ஒண்ணாத் தூக்குதவன்ட்ட வந்து பேடியாங்கியே!"

பின்னாலிருந்து ஒருத்தன், "ஏலே சங்கிலி, அந்தப் புள்ள ஆளப் பாத்துத்தாம்ல கேக்கு!" கிடங்கே சிரித்தது. அவன் முகம் கறுத்துவிட்டது.

நான் குறுக்கே போய், மலையாளத்தில் பேடி என்றால் பயம், ஆண்மையில்லாதவன் என்று பொருள் இல்லை என்று விளக்கினேன். "அப்ப அதயும் சொல்லுதேன், எழுதிக்கோ. பயமும் கெடையாது, அந்த எழவும் கெடையாது" என்று கிடங்குக்கே கேட்கும்படி கத்தினான். வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற எல்லோரும் அதே பதிலைச் சொன்னார்கள்.

ஆரிஃபா திரும்பும் வழியில், "எங்க வீட்டில அப்பிடித்தான் சொல்லுவோம், சாரே. இனி எந்த முகத்த வச்சிட்டு அங்க போக?" என்றார். கண் கலங்கியிருந்தது. லோகாம்பாள் திட்டவில்லை. தாளில் உள்ள சொல்லைத் தவிர வேறு சொல் வரக்கூடாது என்று ஒரு விதி போட்டார். தப்பு உன்னுடையது இல்லை, இந்தச் சொல் இரண்டு ஊரில் இரண்டு வேலை பார்க்கிறது என்றார்.

26 ஜூன், புதன்

மழை. இன்றைய எண்ணிக்கை கிடைக்கவில்லை.

29 ஜூன், சனி

பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எடுத்ததில் எங்கள் வீடும் விழுந்துவிட்டது. வீரலட்சுமிதான் பதில் சொன்னாள். நான் நாற்காலியில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பயமாக இருக்கிறதா? இல்லை. ராத்திரி பயத்தில் விழிப்பு வருகிறதா? இல்லை. வெளியே போகப் பயமா? "எனக்கென்ன பயம், இல்லன்னு போடு தாயி."

பேப்பருக்குப் பின்னால் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பத்து நாளாகக் குடிதண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைக்கிறாள். கொல்லையில் சுண்ணாம்பு தூவித் தூவி அரளிச் செடியே வெளுத்துவிட்டது. நான் வெளியிலிருந்து வந்தால் கையைக் கழுவும்வரை நிலைப்படியைத் தாண்ட விடுவதில்லை. இத்தனையும் "இல்லை"யா?

ஆரிஃபா போன பிறகு கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னே?"

"ஆமா, பயந்து சாவுதேன்னு ஊருக்குத் தண்டோராப் போடணுமாக்கும். வாயால சொன்னா வந்துரும்."

5 ஜூலை, வெள்ளி

முதல் சுற்று முடிந்துவிட்டது. நேரடியாகப் பயமா என்று கேட்டதற்கு "ஆம்" என்றவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். ஆதாரம்: லோகாம்பாள், அதிகாரியின் முன்னிலையில். அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். நான் அங்கே இருந்தேன். மட்டாஞ்சேரிக்குப் பயம் போய்விட்டது என்று நாளைக்கே போடலாம் என்றார்.

"போடக் கூடாது" என்றார் லோகாம்பாள். குரல் உயரவில்லை. இதே வீடுகளில் இரண்டாம் சுற்று முடியட்டும், அதுவரை இது எண்ணே இல்லை, வெறும் மை என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்து மலையாளத்தில், "நீங்களாவது சொல்லுங்கள், உங்களுக்கு இது நல்ல செய்தியல்லவா?" என்றார். நல்ல செய்திதான். மதுரையிலிருந்து பத்திரிகை ஆசிரியர் டிரங்க் காலில் இரண்டு முறை கேட்டுவிட்டார். ஆனால் கண்டுபிடித்தவரே உறுதி இல்லை என்கிறபோது எதை உறுதி என்று எழுத? காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆசிரியர் போனை வைத்த சத்தம் நன்றாகவே கேட்டது.

9 ஜூலை, செவ்வாய்

ஜூலை முடிவில் கொட்டகை எடுக்கப்படும். சுகாதார அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னது. எழுத்தில் இல்லை.

13 ஜூலை, சனி

இரண்டாம் சுற்று. ஆரிஃபாவோடு கொச்சங்காடி சந்துக்குள் போனோம். லோகாம்பாளும் வந்திருந்தார். பின்னால் நின்று கேட்பார், குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார்.

லதீஃபா என்று ஒரு பெண். கணவர் வளைகுடாவுக்குப் போய் ஒரு வருஷம். மூன்று பிள்ளைகள். கேள்வித்தாளைப் பார்த்ததும், "பின்னேயும் வந்துட்டியா ஆரிஃபா? அன்னிக்கு நான் சொன்னது தப்பாயிப் போச்சா?" என்றார்.

"தப்பில்ல இத்தா. ஒருக்கக்கூட, இன்னொரு தடவ, கேக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்கு."

"தப்பில்லாம எதுக்குப் பின்னேயும் கேக்குது? சரி, எதைச் சொன்னா சரி? நீயே சொல்லு, அதச் சொல்லிடறேன்."

போன தடவை "ஆம்" என்றதை எல்லாம் "இல்லை" ஆக்கினார். "இல்லை" என்றதில் சிலதை "கொஞ்சம்" ஆக்கினார். ஒன்றே ஒன்று மட்டும் அசையவில்லை. நோய்க்குப் பயமா என்று கேட்டதும் முந்தானையைத் தலைக்கு மேலே சரிசெய்துகொண்டு, "பயம் படச்சவனுக்கு மட்டும்தான். சீக்குக்குப் பயப்பட்டா ஈமான் போகும்" என்றார். ஈமான் என்றால் இறைநம்பிக்கை. அதைச் சொல்லும்போதே கடைக்குட்டியை இடுப்பிலிருந்து இறக்காமல் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. நன்றாக இருந்தது.

சந்து முனையில் வேன் ஹாரன் கேட்டது. துணி ஏற்றுகிற வேன்தான். ஆனால் லதீஃபா பேச்சை நிறுத்திவிட்டுக் கதவின் ஒரு பாதியைச் சாத்தினார். எதிர் வீட்டிலும் சாத்தினார்கள்.

லோகாம்பாள் கேள்வித்தாளைப் பார்க்கவில்லை. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

17 ஜூலை, புதன்

படகில் எறணாகுளம் போய்க் கல்லூரியில் லோகாம்பாளைப் பார்த்தேன். மேஜையில் கைப்பிடி சுற்றுகிற கணக்குப் பொறி. பக்கத்தில் காய்ந்து போன ஒரு தட்டு உப்புமா. சுற்றிச் சுற்றி வலது கை வீங்கியிருந்தது.

"தராசு கேடு, சார்" என்றார். முகத்தில் வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நல்ல துப்பு கிடைத்த போலீஸ்காரர் மாதிரி இருந்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். இருபது கேள்வியையும் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டு பங்காகப் பிரித்தார். ஒரே ஆளுக்கு இரண்டு பங்கும் ஏறத்தாழ ஒரே சேதி சொல்ல வேண்டும். சொல்லவில்லை. முறைத்துக்கொண்டு நின்றன. ஏன் என்று ஒவ்வொரு கேள்வியாக எடுத்து மற்றவற்றோடு ஒட்டிப் பார்த்தார். தண்ணீர் காய்ச்சுவது, தூக்கம் கெடுவது, சாப்பாடு இறங்காதது, பிள்ளையை வெளியே விடாதது — இவையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. ஒட்டாதவை "பயம்" என்ற சொல் உள்ளவை. ஒன்று விட்டு ஒன்றாக அந்தச் சொல்லைப் போட்டு எழுதியிருந்ததால் ஒரு பங்கு முழுக்க அதுவே வந்துவிட்டது.

வெறுமனே ஒட்டாமல் இருந்தாலும் பரவாயில்லை. எதிர்த்திசையில் போகின்றன. ராத்திரி அதிகம் விழித்திருப்பவர்தான் பயமே இல்லை என்று அதிக உறுதியாகச் சொல்கிறார்.

"பயத்தை அளக்கிற கேள்வித்தாளிலே ஆகப் பிரயோஜனமில்லாத கேள்வி எது கேட்டேளா? பயமா இருக்கான்னு கேக்கற கேள்வி!" என்று மேஜையைத் தட்டினார். "அதிலே ஒரு வேடிக்கை. ரெண்டு சுத்திலேயும் அசையாத பதில் அது ஒண்ணுதான். ரெண்டு தரமும் இல்லை, இல்லை. கேடான தராசும் தினம் ஒரே தப்பைக் காட்டலாமே."

எனக்கு என் வீட்டு அரளிச் செடி ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உடனே பென்சிலை எடுத்து, "சுண்ணாம்பு" என்று ஒரு சொல்லை எழுதிக்கொண்டார்.

பயம் என்று போடச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். "அச்சம்னு வெச்சிருந்தா மட்டும் ஒத்துண்டிருப்பாளா?" என்றார்.

படகில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு மாதம் மழையில் நடந்து சேர்த்தது. அதிகாரிக்குப் பிடித்த எண். கல்லூரியில் பெயர் வாங்கித் தந்திருக்கும். அது பொய் என்று கண்டுபிடித்ததும் ஒருவருக்கு இத்தனை சந்தோஷம் வருமா? நானாக இருந்தால் வந்திருக்குமா?

தெரியவில்லை.

20 ஜூலை, சனி

லோகாம்பாள் இரண்டு நாளாகத் தெருக்குழாயடியில் உட்கார்ந்திருக்கிறார். கேள்வி கிடையாது. இந்த நோய் வந்ததிலிருந்து வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் பேச்சுக் கொடுக்கிறார். சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்கிறார். தம்முடைய வார்த்தை ஒன்றைக்கூடச் சேர்ப்பதில்லை. நிருபர்கள் கற்க வேண்டிய ஒழுக்கம். எனக்குப் பொறாமையாக இருந்தது என்று எழுதினால் தப்பில்லை.

குழாயடியில் கிடைத்தவை: "சோறு எறங்கல." "நெஞ்சு ஒரே பதைப்பு." "பிள்ளை கக்கூசுக்குப் போனா வாசல்ல நிக்கிறேன்." "வண்டி ஒச்ச கேட்டா அடுப்ப அணச்சிடுவேன், ஆளில்லாத வீடு மாதிரி."

சங்கிலிப்பாண்டியிடமும் போனார். ஆரிஃபா தயங்கிக்கொண்டே பின்னால் நின்றார். அவன் ஆரிஃபாவைப் பார்த்ததும், "என்ன தாயி, இன்னைக்கு என்ன பட்டம் குடுக்கப் போற?" என்றான். அவரும் விடவில்லை. "இன்னிக்குப் பட்டமெல்லாம் தீந்துபோச்சு, சேட்டா. சும்மா பேச வந்தோம்" என்றார். அவன் சிரித்துவிட்டான்.

பிறகு அவன் சொன்னது: "பயமெல்லாம் கெடையாது அண்ணாச்சி. வீட்டுக்காரியும் மவளும் இந்த மாசம் இங்க வாரதா இருந்தாவ. வரவேண்டாம்னு லெட்டர் போட்டுட்டேன். வீடு கெடைக்கலன்னு எழுதிருக்கேன். வீடு கெடச்சாச்சு. வாடகையும் குடுத்துட்டுத்தான் இருக்கேன். பூட்டிக் கெடக்கு."

லோகாம்பாள் அதையும் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

26 ஜூலை, வெள்ளி

அதிகாரியின் அறையில் கூட்டம். நான்கு பேர் அவர் பக்கம். கொட்டகையை எடுக்கும் உத்தரவு தட்டச்சாகி மேஜையில் இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. என் கண்ணால் பார்த்தேன்.

லோகாம்பாள் எழுந்து, "நான் சொன்ன நூற்றுக்கு எட்டு செல்லாது. அதை நம்பி எதையும் செய்யாதீர்கள்" என்று மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். ஏன் செல்லாது என்று கரும்பலகை கேட்டு வாங்கி எழுதிக் காட்டினார். தம் தவறு எது என்பதையும் கோடு போட்டுக் காட்டினார்: மக்கள் வாயால் ஒத்துக்கொள்ளாத ஒரு சொல்லை வைத்து அவர்களைக் கேட்டது.

அதிகாரி நல்லவர்தான். ஆனால் சங்கடப்பட்டால் கிண்டல் வரும். "டீச்சர், எங்கள் ஜீப்பில் ஒரு மாதம் சுற்றிவிட்டு இப்போது ஒன்றும் தெரியாது என்கிறீர்கள். இதைத் தெரிந்துகொள்ள மனோதத்துவம் எதற்கு? எனக்கும் ஒன்றும் தெரியாதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

லோகாம்பாளும் சேர்ந்து சிரித்தார்! பிறகு சொன்னார்: "வித்தியாசம் ஒன்று உண்டு சார். எனக்கு எவ்வளவு தெரியாது என்று கணக்கு போட்டுக் காட்ட முடியும்."

சிரிப்பு நின்றது. புதுத் தாளைக் கொடுத்தார். பதினாறு கேள்வி. "பயம்" என்ற சொல் எங்கேயும் இல்லை. புது வீடுகளில் இரண்டு சுற்று ஓடவேண்டும். இரண்டாம் முறை ஏன் வருகிறோம் என்பதை முதல் முறையே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பதிலை மாற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார். ஆகஸ்ட் பதின்மூன்றுவரை அவகாசம் கேட்டார்.

அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தார். தாளைப் புரட்டினார். ஒரு கேள்வியில் நின்றுவிட்டார். எது என்று பிறகு எட்டிப் பார்த்தேன். "ஆஸ்பத்திரி வேன் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துவீர்களா?" என்பது.

உத்தரவைக் கிழிக்கவில்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பதின்மூன்றுவரை.

2 ஆகஸ்ட், வெள்ளி

கொச்சங்காடியில் ஒரு மரணம். ஐம்பது வயதுப் பெண். வாந்திபேதி கண்டவரை மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்கள். கொட்டகை எடுத்தாகிவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி, வேனுக்குப் பயந்து யாருக்கும் சொல்லவில்லை. ஆதாரம்: இறந்தவரின் மகன். பெயர் போட வேண்டாம் என்றார். போடவில்லை.

கொட்டகை அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். எடுக்கவே இல்லை. அங்கேயேதான் இருக்கிறது. சை!

ஜூலை ஒன்பதாம் தேதி கேட்ட அந்த வாய்மொழிச் சேதியை நான் பத்திரிகைக்கு அனுப்பவில்லை. அனுப்பாவிட்டாலும் அது தானாகவே அந்த வீடுவரை நடந்து போயிருக்கிறது.

6 ஆகஸ்ட், செவ்வாய்

லோகாம்பாளுக்குக் காய்ச்சல். படுக்கையிலிருந்தே தாள்களைச் சரிபார்க்கிறார். வீரலட்சுமி கஞ்சி வைத்து ஆரிஃபாவிடம் கொடுத்து அனுப்பினாள்.

12 ஆகஸ்ட், திங்கள்

முடிவு வந்தது. கெடுவுக்கு ஒரு நாள் முன்பே. ஆதாரம்: லோகாம்பாள் கையெழுத்திட்ட அறிக்கை, கணக்கை அவருடைய கல்லூரியில் கணிதப் பேராசிரியர் தனியாகப் போட்டுப் பார்த்து ஒப்பியிருக்கிறார்.

புதுத் தாளில் இரண்டு பங்கும் ஒத்துப்போகின்றன. இரண்டு சுற்றும் ஒத்துப்போகின்றன. முழு ஒற்றுமை ஒன்று என்றால் இது புள்ளி எட்டு நான்கு. "இது நல்ல தராசா?" என்று கேட்டேன். "தங்கம் நிறுக்க ஆகாது. மிளகு நிறுக்கலாம்" என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கிறது. அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

அந்தத் தராசில் வந்த எடை: மூன்று வீட்டில் இரண்டு வீட்டுக்குத் தூக்கம் இல்லை. அதிலும் நோயைவிட வேன்தான் மனசை ஆட்டுகிறது. வேன் பற்றிய கேள்விகளுக்கு "ஆம்" சொன்னவர்களில் பெரும்பாலோர், வயிறு கெட்டால் கொட்டகைக்கு நடந்து போவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். இழுப்பறையைத் திறந்து பழைய உத்தரவை எடுத்து, குறுக்கே கோடு போட்டார். மழைக்காலம் முடியும்வரை கொட்டகை நீடிக்கும் என்று அடியிலேயே கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "டீச்சர், அடுத்த தடவை எனக்குப் பிடித்த எண்ணை முதலிலேயே சொல்லாதீர்கள்" என்றார். அவர் பாணியில் அது மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சேதியை இன்றே அனுப்பினேன். தலைப்பில் "பயம்" என்ற சொல் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஆசிரியர் ஏன் என்று கேட்டார். டிரங்க் காலில் விளக்க முடியாது என்றேன்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

கொட்டகை திறந்திருக்கிறது என்று ஆரிஃபாவும் நர்ஸ் ஒருவரும் சந்து சந்தாகப் போய்ச் சொல்கிறார்கள். தமிழில், மலையாளத்தில், கடைகளில் உருதுவிலும். நடந்துதான். வேன் கிடையாது என்று லோகாம்பாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று மதியம் வரை கொட்டகையில் ஒன்பது பேர். ஆதாரம்: வாசலில் இருந்த நர்ஸ். ஒன்பதாவது ஆள் வீரலட்சுமி.

காலையில் நான் வெலிங்டன் தீவுக்குத் துறைமுகச் சேதிக்காகப் போயிருந்தேன். போன பிறகு அவளுக்கு வயிறு போக ஆரம்பித்திருக்கிறது. நான்கு முறை ஆனதும் அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் தனியாக நடந்து வந்திருக்கிறாள். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாளாம். யாரோ ஒரு பெண் தாங்கிக் கூட்டிவந்தாள் என்கிறார்கள். பெயர் தெரியவில்லை. கண்டுபிடிக்க வேண்டும்.

இறங்குதுறையில் ஆரிஃபா காத்திருந்தார். "ஒண்ணும் இல்ல சாரே, பைய வாங்க" என்று சொல்லிவிட்டு அவரே ஓட்டமாக நடந்தார்.

கட்டிலில் கிடந்தாள். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. கன்னம் ஒரு காலையிலேயே ஒட்டிவிட்டது. கொஞ்சம் பொறுத்து வந்திருந்தால்— என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பயந்துட்டியளோ?"

"இல்லை" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "சாப்ட்டியளா?" என்றாள்.

"இல்லை."

"சாயாவாவது?"

"இல்லை."

"ம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று.

மாலையில் லோகாம்பாள் வந்தார். கட்டிலின் அருகே நின்றார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாசல் பெஞ்சில் ஓர் இலைப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். இட்லி. இன்னும் பிரிக்கவில்லை.

வாந்தி நின்றுவிட்டது. நாடி திரும்பிவிட்டது. இது இரண்டும் உறுதி. டாக்டர் சொன்னது, ஆறு மணிக்கு. நிலுவையில் இருப்பது: சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்பது. அது தெரிந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்களா என்று சொல்ல முடியும். நாளைக் காலை டாக்டர் சுற்று வரும்போது தெரியும். எட்டு மணிக்கு வருவார்.